வகுப்பில் மூன்று பட்டேல். மூவரும் சொந்தக்காரர்களா?

ஹாரோ அப்பா | சனி, இரவு 9.40

பையன் மூன்றாம் வகுப்பு. பிறந்தநாளுக்குக் கூப்பிட, வகுப்புப் பட்டியலை வைத்துக்கொண்டு அழைப்பிதழ் எழுதிக்கொண்டிருந்தோம். முப்பது பேரில் மூன்று பேர் பட்டேல். "மூணு பேரும் பெரியப்பா சித்தப்பா பசங்களாத்தான் இருக்கும், ஒரே கார்டு போதும்"னு வாய் தவறிச் சொல்லிட்டேன். பையன் தலையில் அடித்துக்கொண்டான். ஒருத்தன் வீட்டுக்கும் இன்னொருத்தன் வீட்டுக்கும் பேச்சுவார்த்தையே கிடையாதாம்.

வடமேற்கு லண்டனில் ஹாரோவுக்குக் குடிவந்து ஆறு வருஷம் ஆகுது. மருந்துக்கடைக்காரர் பட்டேல், பல் டாக்டர் பட்டேல், வீட்டுப் பத்திரம் முடித்துக் கொடுத்த வக்கீலும் பட்டேல். குஜராத்திப் பெயர் என்பதுவரை தெரியும். இது சாதியா, ஊரா, குலமா? இணையத்தில் தேடினால் "ஊர்த்தலைவர் என்று பொருள்" என்று ஒரே வரி. எல்லாருமே தலைவர்னா அந்த ஊரில் குடிமக்களே இல்லையா?

விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

*

லெஸ்டர் கொங்கு | சனி, இரவு 10.15

வாங்க, நம்ம பேட்டைக் கேள்வி. இங்கே பெல்கிரேவ் ரோட்டுக்குப் பின்தெருவில் பதினேழு வருஷமாக் குடியிருக்கிறேன். பட்டேல் இல்லாத தெரு எங்கே இருக்குதுன்னு கேட்டால்தான் யோசிக்கணும்.

சொல்லில் இருந்து ஆரம்பிக்கலாங்க. நம்ம ஊரில் நிலத்துக்கு 'பட்டா' வாங்கறோமே, அதே வேர்தான். பட்டா, பட்டயம், பட்டம், எங்க கொங்குப் பக்கத்துப் பட்டக்காரர் எல்லாம் அந்த 'பட்ட' குடும்பம். மாளவத்தை ஆண்ட பரமார ராஜாக்களின் செப்பேடுகளில் 'பட்டகில' என்று ஒரு பதவி வருது. பத்து, பதினோராம் நூற்றாண்டு. நிலத்தைத் தானம் கொடுக்கும்போது "ஊர்ப் பட்டகிலருக்கும் குடிகளுக்கும் அறிவிப்பது என்னவென்றால்" என்கிற மாதிரி எழுதுவாங்க. அந்தப் பட்டகிலர்தான் குஜராத்தியில் பட்டேல் ஆனார், மராத்தியில் பாட்டீல் ஆனார். வரி வசூல், ஊர்ப் பஞ்சாயத்து, எல்லைத் தகராறு எல்லாத்துக்கும் அவர்தான் முதல் ஆள். நம்ம மணியக்காரர் மாதிரி வைத்துக்கொள்ளுங்க.

*

பெங்களூர் பஸ் | சனி, இரவு 10.31

குஜராத்தோடு நிற்காது அண்ணா. பழைய மைசூர்ப் பக்கம் ஊர்த்தலைவர் 'படேல', கணக்கு எழுதுபவர் 'ஷானுபோக'. 1996 முதல் 1999 வரை கர்நாடக முதல்வராக இருந்த ஜே.எச். படேல் லிங்காயத்துக்காரர், குஜராத்துக்கும் அவருக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. நிஜாம் ஆண்ட தெலங்கானாவில் போலீஸ் படேல், மாலி படேல் என்று இரண்டு வகையே உண்டு. ஒருவர் காவலுக்கு, இன்னொருவர் வரிக்கு.

இன்னொரு சின்ன விஷயம். படேல் என்று எழுதலாமா, பட்டேல் என்று எழுதலாமா? குஜராத்தியில் அது அழுத்தமான 'ட'. தமிழில் ஒற்றை ட போட்டால் நாக்கு தானாகக் குழைந்துவிடும். அதனால் நான் ட்ட கட்சி. மேலே மட்டும் நம் பத்திரிகைகள் எழுதும் மாதிரி விட்டுவிட்டேன்.

*

நேர்ப்பேச்சு | ஞாயிறு, காலை 7.50

சுற்றி வளைக்காதீங்க சார். பட்டேல் என்றால் சாதி. 2015இல் குஜராத்தில் லட்சக்கணக்கில் தெருவில் இறங்கி இடஒதுக்கீடு கேட்டார்களே, அது என்ன ஊர்த்தலைவர்கள் சங்கமா? செப்பேடு, வேர்ச்சொல் எல்லாம் அப்புறம்.

*

பழஞ்சுவடி | ஞாயிறு, காலை 9.05

நேர்ப்பேச்சு ஐயா பாதி சரி. அந்தப் பாதி எப்படி வந்தது என்று பார்த்தால்தான் ஹாரோ அப்பா கேட்ட "எல்லாருமே தலைவரா" என்பதற்கு விடை கிடைக்கும். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2015இல் போராடியவர்கள் தங்களை அழைத்துக்கொண்ட பெயர் பாட்டிதார். அதற்கு முந்தைய பெயர் கண்பி, அதாவது குடியானவர். "கண்பிக்குப் பின்னால் கோடிப் பேர், கண்பி யாருக்கும் பின்னால் இல்லை" என்று குஜராத்தியில் ஒரு சொலவடை உண்டு. உழவனை நம்பி உலகம் என்கிற நம்ம ஊர்ப் பெருமைதான். லேவா, கட்வா என்று இரண்டு பெரும் பிரிவு.

இவர்களில் முன்னே வந்தவர்கள் சரோத்தர் வட்டாரத்துக்காரர்கள். இன்றைய கேடா, ஆனந்த் மாவட்டங்கள், நல்ல மண், புகையிலை விளையும் பூமி. அங்கே 'நர்வா' என்றொரு நிலமுறை இருந்தது. ஊர் நிலம் முழுவதும் சில குடும்பங்களின் கூட்டுச் சொத்து. அதை 'பட்டி' என்ற பங்குகளாகப் பிரித்துக்கொள்வார்கள். சர்க்காருக்குக் கட்டவேண்டிய வரிக்கு எல்லாப் பங்காளிகளும் சேர்ந்து பொறுப்பு. பட்டி வைத்திருப்பவர் பாட்டிதார். இப்படிப்பட்ட ஊரில் ஒற்றைத் தலைவர் எங்கே இருக்கிறார்? வரி ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் ஒவ்வொரு வகையறாவும் தலைமைக் குடும்பம்தான். அவர் பிள்ளைகளும் பட்டேல், தம்பி பிள்ளைகளும் பட்டேல். பதவி ஒருவருக்கு, பெயர் வம்சத்துக்கு.

அதன் பிறகு மற்ற கண்பிகளும் அந்தப் பெயரைப் பிடித்துக்கொண்டார்கள். மரியாதையான பெயர், பெண் கொடுக்கல் வாங்கலில் மதிப்பு, யார் விடுவார்? 1931 கணக்கெடுப்பு வரும்போது கண்பி பின்னுக்குப் போய்ப் பாட்டிதார் முன்னுக்கு வந்துவிட்டது.

ஆனால் பட்டேல் என்ற பெயரை இந்தச் சாதிக்கு மட்டும் எழுதிக் கொடுக்க முடியாது. பம்பாய்ப் பார்சிகளில் பட்டேல்கள் உண்டு. 1690களில் ஜஞ்சிராத் தீவுக்கோட்டையை ஆண்ட, ஆப்பிரிக்க வம்சாவளியினரான 'சித்தி' என்ற கூட்டத்தார் பம்பாயைத் தாக்கியபோது ருஸ்தம் தோராப்ஜி என்ற பார்சி, கோலி மீனவர்களைத் திரட்டி அவர்களை விரட்டினார். கிழக்கிந்தியக் கம்பெனி அவருக்குக் கொடுத்த பட்டம் 'பட்டேல்', கோலிகளுக்குத் தலைவர் என்ற பொருளில். அவர் வம்சத்துக்கு அதுவே குடும்பப்பெயர் ஆயிற்று.

*

நேர்ப்பேச்சு | ஞாயிறு, காலை 9.40

சரி, பாதியை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். ஆனால் இங்கிலாந்தில் இருப்பவர்கள் பாட்டிதார்கள்தானே?

*

பிரஸ்டன் இரவுப்பணி | ஞாயிறு, பகல் 1.20

இல்லை. இங்கே லங்காஷயரில் வந்து பாருங்கள்.

நான் வேலை பார்க்கும் இடத்தில் ஐந்து பட்டேல். நான்கு பேர் வெள்ளிக்கிழமை தொழுகைக்குப் போகிறவர்கள். பரூச், சூரத் பக்கத்துக் கிராமங்களில் இருந்து வந்த சுன்னி வஹோராக்கள். வியாபாரம் செய்யும் தாவூதி போராக்கள் வேறு, இவர்கள் நிலத்தில் பாடுபட்ட குடியானவர்கள். டங்காரியா, இக்கர் என்றெல்லாம் ஊர்ப்பெயர் சொல்வார்கள். இக்கர் எங்கேயோ கேட்ட மாதிரி இருந்தால், இந்திய அணிக்குப் பந்து வீசிய முனாஃப் பட்டேலின் ஊர் அது.

இவர்களில் பலர் ஆப்பிரிக்கா வழியாக வரவில்லை. 1950களின் கடைசியிலும் 60களிலும் நேராகக் குஜராத்தில் இருந்து இந்தத் துணியாலை ஊர்களுக்கு வந்தார்கள். பிளாக்பர்ன், பிரஸ்டன், போல்டன், யார்க்‌ஷயர் பக்கம் பேட்லி, டியூஸ்பரி. ஆலைக்காரர்கள் புது இயந்திரம் போட்டுவிட்டு அதை ராத்திரியும் ஓட்டினால்தான் கட்டுபடியாகும் என்று நினைத்தார்கள். உள்ளூர் ஆள் ராத்திரி வேலைக்கு வரமாட்டான். முதலில் வந்தவர் தம்பியைக் கூப்பிட்டார், தம்பி மச்சானைக் கூப்பிட்டார். ஆலை மூடி எத்தனையோ வருஷம் ஆகிறது, தெரு மட்டும் அப்படியே இருக்கிறது.

பிரபுக்கள் சபையில் இருந்த ஆதம் பட்டேல், பிளாக்பர்ன் பட்டேல் பிரபு, பரூச்சில் பிறந்த முஸ்லிம். அதே சபையில் டண்டீயின் மகப்பேறு மருத்துவர் நரேந்திர பட்டேல் டான்சானியாவில் பிறந்தவர், பிராட்ஃபர்ட் பட்டேல் பிரபு கம்லேஷ் நைரோபியில் பிறந்தவர். ஒரே சபையில் மூன்று பட்டேல் பிரபுக்கள், மூன்று வழி. ஹாரோ அப்பாவின் பையன் வகுப்பு மாதிரியேதான்.

*

வெம்பிளி மாமி | ஞாயிறு, பின்னேரம் 5.10

பிள்ளையள், நான் 84இல வந்து ஈலிங் ரோட்டுக்குக் கிட்ட ஒரு அறையில இருந்தனான். அந்த நேரம் பச்சைமிளகாய் வாங்கிறதெண்டாலும் பட்டேல் கடை, பேப்பர் எண்டாலும் பட்டேல் கடை. விடிய அஞ்சு மணிக்குத் திறந்தா இரவு பத்து. கடைக்கு மேல வீடு. பிள்ளையள் கல்லாவுக்குப் பக்கத்தில இருந்து வீட்டுப்பாடம் செய்வினம். அந்தப் பிள்ளையள் தான் இப்ப உங்கட பல் டாக்குத்தர், மருந்துக்கடைக்காரர்.

ஒண்டு சொல்ல மறந்திட்டியள். அந்தக் கடையள் இப்ப ஆரிட்ட இருக்கு? எங்கட ஆக்களிட்ட. 94இல ஞாயிற்றுக்கிழமை பெரிய கடையளும் திறக்கலாம் எண்டு சட்டம் வந்தோட சின்னக் கடைக்காரருக்கு அடி. படிச்ச பெடியன் கல்லாவில நிக்க மாட்டான் எண்டிட்டான். என்ர மனிசன் 96இல வாங்கின கடையை வித்தவரும் பட்டேல்தான். சாவியைத் தரேக்க, "பால் வாறவனோட சண்டை பிடிக்காதை, பேப்பர்க் கணக்கை ஒவ்வொரு கிழமையும் பார்" எண்டு சொல்லிப்போட்டுப் போனவர். பலகையில அவற்ற பேரை மாத்த எங்களுக்கு ரெண்டு வருசம் எடுத்தது. அதுவரைக்கும் வாற வெள்ளைக்காரர் எல்லாம் என்ர மனிசனை மிஸ்டர் பட்டேல் எண்டுதான் கூப்பிட்டவை.

*

லெஸ்டர் கொங்கு | ஞாயிறு, இரவு 8.30

மாமி, அந்தப் பலகைக் கதை ஒண்ணே போதுங்க.

ஆப்பிரிக்கா வழியை யாரும் சரியாச் சொல்லலை, நான் சொல்லிடறேன். கிழக்கு ஆப்பிரிக்காவில் உகாண்டா ரயில்பாதை போட 1896இல் இருந்து 1901 வரைக்கும் இந்தியாவில் இருந்து சுமார் 32,000 பேரைக் கொண்டுபோனாங்க. "பட்டேல்களின் தாத்தா தண்டவாளம் போட்டவர்"னு இங்கே பலர் சொல்வாங்க. பெரும்பாலும் தப்பு. போனதில் பெரும்பங்கு பஞ்சாபிங்க, பெரும்பாலானவங்க திரும்பியும் வந்துட்டாங்க. குஜராத்திங்க பாதை பின்னாடியே கடை போடப் போனவங்க. 'துக்கா' என்பார்கள், நம்ம பெட்டிக்கடை. அதுபோக குமாஸ்தா, ஸ்டேஷன் மாஸ்டர் வேலை. அந்தச் சமயத்தில் குஜராத்தில் 1899–1900 பஞ்சம். விக்ரம வருஷம் 1956இல் வந்ததால் 'சப்பனியோ', ஐம்பத்தாறுப் பஞ்சம்னு பேர். நம்ம தாது வருஷப் பஞ்சம் மாதிரி, இன்னமும் பாட்டிகள் வாயில் வருது. சரோத்தரில் நிலத்தைப் பங்கு போட்டுப் போட்டு அண்ணன் தம்பிக்குக் கோமணத் துண்டு அளவு வந்து நின்னுச்சு. ஒருத்தன் நிலத்தைப் பார்க்க, இன்னொருத்தன் கப்பல் ஏறினான்.

அங்கே ஒரு முக்கியமான காரியம் நடந்தது. ஊருக்குள் இருந்தவரைக்கும் ஒருத்தரை ஊர்ப்பெயரால், அப்பா பெயரால் அடையாளம் சொல்லிக்கலாம். கப்பல் சீட்டு, வணிக உரிமம், பாஸ்போர்ட் எல்லாத்திலும் 'குடும்பப்பெயர்' என்று ஒரு கட்டம் இருக்குமே, அதில் என்ன எழுத? ஆளாளுக்கு பட்டேல்னு எழுதினாங்க. பதவி போச்சு, நிலம் போச்சு, கட்டத்தில் இருந்த பெயர் மட்டும் பேரன் வரைக்கும் வந்தது. என் கணக்குப்படி பட்டேல் பெருகினதுக்கு ஊர்த்தலைமையைவிட அந்தக் கட்டம்தான் பெரிய காரணம்.

மிச்சம் உங்களுக்குத் தெரிஞ்சதுதான். 1963இல் கென்யா விடுதலை, 67இல் அங்கே குடியுரிமை இல்லாதவங்களுக்கு வேலை அனுமதிச் சட்டம். பிரிட்டிஷ் பாஸ்போர்ட் வைத்திருந்தவங்க லண்டனுக்கு விமானம் ஏற ஆரம்பிச்சாங்க. பிரிட்டன் 1968இல் மூணே நாளில் ஒரு சட்டம் போட்டு, வருஷத்துக்கு 1,500 குடும்பத் தலைவர்களுக்குத்தான் உள்ளே வர வவுச்சர் என்று கதவைச் சாத்திட்டது. 72 ஆகஸ்டில் உகாண்டாவை ஆண்ட இடி அமீன், ஆசியர்கள் நாட்டைவிட்டு வெளியேற 90 நாள் கெடு வைத்தார். ஏறக்குறைய 28,000 பேர் இங்கே வந்தாங்க. பாட்டிதார்களில் 'அமீன்'னும் ஒரு குடும்பப்பெயர் உண்டு. அமீன் துரத்திய அமீன்களும் அந்த விமானத்தில் இருந்தாங்க.

எங்க ஊர் நகரசபை அப்போ உகாண்டா பத்திரிகையில் விளம்பரமே கொடுத்தது, லெஸ்டரில் வீடும் இல்லை, பள்ளியில் இடமும் இல்லை, வராதீங்கன்னு. அதைப் பார்த்துத்தான் லெஸ்டர்னு ஒரு ஊர் இருக்கறதே தெரிஞ்சதுன்னு பெல்கிரேவ் ரோட்டில் தாத்தாக்கள் சொல்லிச் சிரிப்பாங்க. பின்னலாடை மில்லில் வேலை, மலிவா வரிசை வீடு, முன்னாடியே வந்திருந்த சொந்தம். விளம்பரம் எங்கே எடுபடும்? இப்போ 2021 கணக்கெடுப்பில் இந்த ஊரில் மூணில் ஒருத்தர் இந்திய வம்சாவளி.

*

எண்சாண் | திங்கள், காலை 8.15

எண்ணிக்கையும் கொஞ்சம் பேசலாம். 1881 பிரிட்டன் கணக்கெடுப்பில் பட்டேல்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். இன்று ஒரு லட்சத்தை ஒட்டி இருக்கிறார்கள். நாட்டின் முதல் ஐம்பது குடும்பப்பெயர்களுக்குள் சர்வசாதாரணமாக வரும் பெயர். பெருலண்டனில் ஸ்மித், ஜோன்ஸ் வரிசையில் தோள் உரசும். லண்டன் பெயர்களை இடவாரியாகப் போட்ட வரைபடங்களில் பிரென்ட், ஹாரோ பகுதிக்குமேல் பட்டேல்தான் பெரிய எழுத்தில் நிற்கும்.

ஆனால் பரவல் சமமாக இல்லை. வடமேற்கு லண்டன், லெஸ்டர், லங்காஷயர் ஆலை ஊர்கள் என்று மூன்று பெரிய குவியல், நடுவில் கவன்ட்ரி, பர்மிங்காம், லஃபரோ, தெற்கே குரோய்டன், டூட்டிங். வேல்ஸ், ஸ்காட்லாந்து கிராமப்புறம் என்று போனால் ஒரு தபால் நிலையத்துக்கு ஒரு பட்டேல்.

பெயரை வைத்து மொழியைக் கணக்கிடாதீர்கள். இங்கிலாந்து, வேல்ஸில் குஜராத்தியை முதன்மை மொழியாகச் சொன்னவர்கள் 2011இல் 2,13,000, 2021இல் 1,89,000. மொழி இறங்குமுகம், பெயர் அப்படியில்லை. ஒப்பிட்டுப் பார்க்க: தமிழ் அதே பத்தாண்டில் ஒரு லட்சத்தில் இருந்து 1,25,000 ஆனது.

*

நைட் ட்யூட்டி நர்ஸ் | திங்கள், மாலை 6.55

புறநோயாளிப் பிரிவில் நின்று "மிஸஸ் பட்டேல்" என்று கூப்பிட்டுப் பாருங்கள். ஒரே நேரத்தில் ஏழு பேர் எழுந்திருப்பார்கள். ஒருமுறை பெயரும் ஒன்று, அப்பா பெயரின் முதலெழுத்தும் ஒன்று, பிறந்த ஆண்டும் ஒன்று என்று இரண்டு பேர். ஒருவரின் ரத்தப் பரிசோதனை மற்றவர் கோப்பில் ஏறிவிட்டது. நல்லவேளை, கண்டுபிடித்துவிட்டோம். அன்றில் இருந்து நான் பிறந்த தேதியைத்தான் முதலில் கேட்பேன்.

பெண்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. பட்டேல் வீட்டில் பிறந்து பட்டேல் வீட்டுக்குப் போனால் கையெழுத்தே மாற்ற வேண்டாம். ஒரே பெயரில் கல்யாணமா என்று நான் ஒரு பாட்டியிடம் கேட்டுவிட்டேன். "பெயரை யார் பார்க்கிறா, எந்த ஊர் என்றுதான் கேட்போம்" என்றார். நதியாத், கரம்சத், தர்மஜ், சோஜித்ரா, வசோ, பாத்ரன் என்று ஆறு ஊரை விரல் விட்டு எண்ணிக் காட்டினார். அந்த ஆறு ஊருக்குள் கொடுத்து வாங்குவதுதான் ஒரு காலத்தில் பெரிய கௌரவமாம். சர்தார் பட்டேல் பிறந்தது நதியாத், சொந்த ஊர் கரம்சத் என்று கூடவே சொல்லி வைத்தார், பக்கத்து வீட்டுக்காரர் மாதிரி.

*

பழஞ்சுவடி | திங்கள், இரவு 9.20

நர்ஸ் அக்கா சொன்ன அந்தக் கேள்விதான் சாவி. பட்டேல் என்ற பெயர் வெளியாளுக்கு. உள்ளாளுக்கு ஊர்ப்பெயர்.

அந்த ஆறு ஊருக்கு வெளியேயும் நிறையக் குடும்பங்கள். நவ்சாரி, சூரத் பக்கத்துக் கோலிகள் தங்களை மாந்தாதா சமாஜம் என்பார்கள். லஃபரோ, கவன்ட்ரி, போல்டன், லெஸ்டரில் இருக்கிறார்கள், பட்டேல் என்றுதான் எழுதுவார்கள், சரோத்தர்க்காரர்களோடு சம்பந்தம் வைத்ததில்லை.

இதற்கு நேர் எதிராக ஒன்று. கட்ச்சில் பூஜ் நகரைச் சுற்றி மாதாபர், பல்தியா, கேரா போன்ற ஊர்களில் லேவா பட்டேல்கள். நைரோபியில் கொத்தனாராகப் போய்க் கட்டட ஒப்பந்தக்காரர் ஆனவர்கள். ஹாரோ, கென்டன் பகுதியில் ஏராளம். சமூகத்தின் பெயரிலேயே பட்டேல் இருக்கிறது, ஆனால் குடும்பப்பெயர் ஹிரானி, ஹாலாய், வேகாரியா, பிண்டோரியா, வர்சானி, புடியா. ஆக பட்டேல் என்று எழுதுகிறவர் எல்லாரும் பாட்டிதார் இல்லை, பாட்டிதார் எல்லாரும் பட்டேல் என்று எழுதுவதும் இல்லை.

*

வெம்பிளி மாமி | திங்கள், இரவு 9.45

எங்கட கதை மட்டும் என்ன? என்ர மனிசன்ர அப்பாட பேரைத்தான் இஞ்ச இமிக்கிரேசன்காரன் குடும்பப்பேர் எண்டு எழுதிப்போட்டான். இப்ப என்ர பேரப்பிள்ளையும் அதே பேர். அவர் ஆரெண்டே அதுக்குத் தெரியாது. இன்னும் ரெண்டு தலைமுறையில ஆரும் வந்து "இது எந்தச் சாதி, எந்த ஊர்" எண்டு கேட்டு இழை திறப்பினம். அவர் ஒரு தபால்காரர், அவ்வளவுதான்.

*

ஹாரோ அப்பா | சனி, இரவு 11.05

விழா முடிந்தது. கேக்கும் முடிந்தது, வீடு குப்பைமேடு.

மூன்று பட்டேல் வீட்டுக்கும் தனித்தனியாகத்தான் அழைப்பு கொடுத்தேன். பெற்றோர் காத்திருந்த நேரத்தில் வெட்கத்தை விட்டு "எந்த ஊர்" என்று கேட்டுவிட்டேன். பிரிட்டனில் என்றுதான் கேட்கிறேன் என நினைத்து முதலில் "ஹாரோதான்" என்றார்கள். குஜராத்தில் என்றதும் மூன்று பேர் முகமும் மலர்ந்தது. முதல் வீடு தர்மஜ், தாத்தா கம்பாலாவில் இருந்து 72இல். இரண்டாவது நவ்சாரி பக்கம், லஃபரோவில் வளர்ந்தவர். மூன்றாவது பரூச்சுக்கு அருகே ஒரு கிராமம், பிளாக்பர்னில் இருந்து வேலை மாற்றலில் வந்த டாக்டர், ஜெலட்டின் இல்லாத இனிப்பு எது என்று என்னிடம் முன்கூட்டியே கேட்டவர் அவர்தான். மூன்று பேரும் ஒருவருக்கொருவர் ஊர் கேட்டுக்கொண்டது அன்றுதான் முதல்தடவையாம்.

பேசிக்கொண்டே இருக்கும்போது மூலையில் டீ குடித்துக்கொண்டிருந்த ஒருவர் "நானும் பட்டேல்தான், யாரும் கேட்கவில்லையே" என்றார். வகுப்புப் பட்டியலில் அவர் மகள் பெயர் பிண்டோரியா.

*

பழஞ்சுவடி | சனி, இரவு 11.12

மாதாபரா, கேராவா என்று கேட்டீர்களா?

*

ஹாரோ அப்பா | சனி, இரவு 11.15

பல்தியா.